வெட்டிப் போட்ட காசு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைத் தம்பிகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அண்ணே, நீங்க படிச்ச காலத்து அனுபவம், ஹாஸ்டல் கதை, எதுனாலும் எழுதுங்க. அட்வைஸ் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே நாலு பேரு எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னாள் மாணவனைக் கூப்பிட்டு அட்வைஸ் சொல்லாதே என்பது, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாதே என்பது மாதிரி. சரி, டி.வி. சீரியலைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'இதுக்கு அட்வைஸே தேவல போலிருக்கே' என்று நினைத்திருப்பார்கள்!

சீரியல் என்றால் மாமியார் மருமகள் சீரியல் இல்லை. ரத்தம் குடிக்கிற பேய் சீரியல். அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவள் என் மகள்.

அவள் பிளஸ் டூ படிக்கிறாள். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு 'தி வாம்பயர் டயரீஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்ப்பாள். 2009 முதல் 2017 வரை எட்டு வருஷம் ஓடியதாம், மொத்தம் 171 எபிசோடு. அதில் பானி என்று ஒரு பெண். மந்திரக்காரி. பெரிய மந்திரம் ஒன்றைப் போட்டால் அவள் மூக்கிலிருந்து ரத்தம் வழியும். சக்தியை உபயோகித்தால் அதற்கு உடம்பு கூலி கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கதையின் கணக்கு. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் மகள் கேட்டாள்: "அப்பா, ஒருத்தரு மனசுல நெனச்சு வாயால சொன்னா அது நடந்துருமாப்பா?"

சோற்றில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. ஏறக்குறைய முப்பது வருஷமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டுவிடுவார்களோ என்று நான் பயந்திருந்த கேள்வியும்கூட. அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

* * *

முதலில் வாம்பயர். தமிழில் என்ன சொல்வது? ரத்தக்காட்டேரி என்போம். ஆனால் வெள்ளைக்காரர்களின் வாம்பயருக்கும் நம் காட்டேரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய டிராகுலாவைக் கண்டால் அவர்கள் சிலுவையைக் காட்டி விரட்டுவார்கள். நம் ஆட்களோ காட்டேரிக்குப் படையல் போட்டு, காட்டேரி அம்மன் என்று கும்பிட்டுவிட்டார்கள். கப்பலேறிக் கயானா வரை போன நம் சனம் அங்கேயும் அவளை மறக்கவில்லை. பயப்படுகிற சக்தியைப் பகைத்துக்கொள்ளாமல் பங்காளியாக்கிக்கொள்வது நம் ஊர் வழக்கம்.

இன்னொரு வேடிக்கை. அம்புலிமாமாவில் நாம் படித்த வேதாளம் இருக்கிறதே, அதை ரிச்சர்டு பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1870-ல் இங்கிலீஷில் எழுதியபோது புத்தகத்துக்கு வைத்த பெயர் 'விக்ரமும் வாம்பயரும்'! டிராகுலா பிறப்பதற்கு 27 வருஷத்துக்கு முன்பே நம் முருங்கைமரத்து வேதாளம் வாம்பயர் ஆகிவிட்டது. அதே விக்ரமாதித்தனை 1985-ல் தூர்தர்ஷனில் இந்தித் தொடராகப் போட்டார்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டி.வி. முன்னால் பாஷை புரியாமலே வாய் பிளந்து உட்கார்ந்திருந்த பொடியன்களில் நானும் ஒருவன். வேதாளத்தின் நிபந்தனை ஞாபகம் இருக்கிறதா? அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

* * *

நான் மின்னியல் டிப்ளமோ, 1996-99 செட். கோவில்பட்டியிலிருந்து பதினான்கு கிலோமீட்டரில் எங்கள் ஊர். மானாவாரிக் கரிசல். அப்பாவுக்கு மூன்று ஏக்கர், பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர், நடுவில் ஒரு வரப்பு. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போவாள்.

பெரியப்பா மகன் எனக்கு இரண்டு வயது மூத்தவர். பத்தாவதோடு நின்றுவிட்டு, கோவில்பட்டியில் ஒரு கேபிள் டி.வி.காரரிடம் வேலை பார்த்தார். பகலெல்லாம் வீடு வீடாக, கம்பம் கம்பமாகக் கேபிள் இழுக்கிற வேலை. ராத்திரி கண்ட்ரோல் ரூமில் படுக்கை. அந்த ரூமில்தான் நான் 'மர்மதேசம்' பார்த்தேன். சன் டி.வி.யில் வாரம் ஒரு தடவை வரும். ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்துப் போவேன். (இப்போது அந்தச் சுவரை உயர்த்திவிட்டார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல!)

மர்மதேசத்தில் 'விடாது கருப்பு' என்று ஒரு கதை. இன்றும் இணையத்தில் கிடைக்கிறது, பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விட்டுவிடு கருப்பா' நாவல்தான் மூலம். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பு, நாகா டைரக்‌ஷன். சேத்தன், தேவதர்ஷினி நடித்தது. எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தக் கண்ட்ரோல் ரூம் சூடும், மெஷின்களின் இரைச்சலும் ஞாபகம் வந்தது.

கதை தோட்டக்காரமங்கலம் என்ற கிராமத்தில் நடக்கும். தப்புப் பண்ணியவனைக் காவல் தெய்வம் கருப்பு குதிரையில் வந்து தண்டிக்கிறது என்பது ஊர் நம்பிக்கை. ராத்திரியில் குளம்புச் சத்தம் கேட்டால் எங்களுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுவிடும். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அது திகில் கதை. எங்களுக்கு அது ஊர்க்கதை. கண்மாய்க் கரையில் அரிவாளோடு நிற்கிற கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தானே நாங்கள் பஸ் ஏறினோம்? அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் சத்தியம் செய்து எத்தனை வழக்குகள் தீர்ந்திருக்கின்றன! கோர்ட்டில் பொய் சொல்கிறவனும் அந்தக் கதவு முன்னால் சொல்லமாட்டான்.

சீரியல் முடிந்ததும் அண்ணன் என்னைச் சைக்கிளில் வைத்து ஹாஸ்டல் சுவர் வரை கொண்டுவந்து விடுவார். "ஏலே, பின்னாடி குதிர வருதா பாரு" என்பார். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். அவரும் பார்க்கமாட்டார்.

* * *

இரண்டாம் வருஷம். புரட்டாசி விதைப்புக்கு முன்னால் வரப்புச் சண்டை வந்தது.

சிவில் தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; கரிசல் மண்ணில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் சத்து இருக்கிறது. மழையில் தண்ணீர் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கிக் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். சுவரே விரிசல் விடும்போது எல்லைக்கல் எம்மாத்திரம்? தாத்தா காலத்துக் கல் சாய்ந்து, புதைந்து, கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. வருஷா வருஷம் கரைகிற வரப்பை ஒரு குத்துமதிப்பில் மறுபடி போடுவார்கள். அந்த வருஷம் பெரியப்பா போட்டது எங்கள் பக்கம் இரண்டு முழம் தள்ளி வந்துவிட்டது என்றார் அப்பா. இல்லவே இல்லை என்றார் பெரியப்பா. பேச்சு முற்றி, பெரியப்பா பிடித்துத் தள்ளியதில் அப்பா மல்லாக்க விழுந்தார். சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை நான் ஊருக்குப் போனபோது அப்பா எதுவும் பேசவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தார். முதுகுப் பக்கத்தில் ஒட்டிய மண்ணை அம்மா தட்டிக்கொண்டிருந்தாள். கரிசல் மண் லேசில் போகாது. தட்டத் தட்ட அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

எனக்குப் பதினெட்டு வயது. பெரியப்பாவை அடிக்கத் தெம்பு இல்லை. போலீசுக்குப் போக விவரம் இல்லை. ஆனால் எனக்கு ஒரு வழி தெரியும். உங்களில் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். காசு வெட்டிப் போடுவது. அநியாயம் பட்டவன் சாமி முன்னால் நாணயத்தை இரண்டு துண்டாக வெட்டிப் போட்டு முறையிட்டால் அந்தச் சாமி கேட்கும் என்பார்கள். சிவகங்கைச் சீமையில் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோவில் இதற்கே பேர்போனது. எங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டியதில்லை, கண்மாய்க் கரையிலேயே கருப்பு இருக்கிறார். அதுவும் வாரா வாரம் டி.வி.யில் குதிரை ஏறி வருகிற கருப்பு!

ஃபிட்டிங் ஷாப்பில் உடைந்த ஆக்சா பிளேடுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், யாரும் எண்ணமாட்டார்கள். ஒன்றை எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு சின்ன அரமும் எடுத்துக்கொண்டேன். எதற்கு அரம் என்று கேட்காதீர்கள்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய், உச்சி வெயிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கருப்பசாமி முன்னால் உட்கார்ந்தேன். எவர்சில்வர் ஒரு ரூபாய்க் காசு. கட்டிங் பிளேயரால் பிடித்துக்கொண்டு அறுத்தேன். எவர்சில்வர் சாமான்யமாக அறுபடுமா? பிளேடின் பல் மழுங்கியதுதான் மிச்சம். கை கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்து இரண்டாக விழுந்தது. வெட்டிய விளிம்பில் பிசிறு நின்றது. பழக்க தோஷத்தில் அரத்தை எடுத்து ராவினேன்! சாபம் போட வந்த இடத்திலும் ஜாப் ஃபினிஷிங் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு துண்டையும் பீடத்தில் போட்டுவிட்டு வாய்விட்டுச் சொன்னேன்: "கருப்பா, பெரியப்பா வீட்டுல வெளக்கு எரியக் கூடாது."

எங்கள் பக்கம் சண்டையில் எல்லாரும் சொல்கிற வசவுதான் அது. நான் அதற்கு அர்த்தம்கூட யோசிக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

* * *

ஐப்பசி. தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாள். அண்ணன் ஒரு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நின்று கம்பத்துக்குக் கேபிள் இழுத்திருக்கிறார். காற்றில் கேபிள் ஆடிப் போய்க் கரண்ட் கம்பியில் பட்டுவிட்டது. கையிலிருந்து ஈரச் சுவர் வழியாகக் கரண்ட் பாய்ந்து, அவரைத் தூக்கித் தெருவில் போட்டது. வலது கால் முறிவு, உள்ளங்கை வெந்துவிட்டது. கீழே போனது 230 வோல்ட் லைன். அதே இடத்தில் பதினோராயிரம் வோல்ட் போயிருந்தால் அண்ணன் இல்லை.

தகவல் தெரிந்து நான் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன். பெரியப்பா வீட்டில் எல்லாரும் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். தெருவில் அத்தனை வீட்டிலும் பல்பு எரிகிறது. பெரியப்பா வீடு மட்டும் இருட்டு.

வீட்டில் விளக்கு எரியவில்லை.

நான் கேட்டது அதேபடி, வார்த்தை பிசகாமல் நடந்திருந்தது. ஆனால் நான் நினைத்த ஆளுக்கு இல்லை. என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்த காலுக்கு.

வரம் கேட்டு மாட்டிக்கொண்ட கதைகள் நம்மிடம் ஏராளம். நித்தியத்துவம் கேட்கப் போன கும்பகர்ணன் நாக்குப் புரண்டு நித்திரத்துவம் கேட்டுவிட்டான் என்பார்கள். தொட்டவன் தலை சாம்பலாக வேண்டும் என்று வரம் வாங்கிய பஸ்மாசுரன் கடைசியில் தன் தலையையே தொட்டான். சின்ன வயதில் இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று ராத்திரி அந்த இருட்டு வீட்டு வாசலில் நின்றபோதுதான், அந்தக் கதைகளை முதலில் சொன்னவன் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கமாட்டான் என்று தோன்றியது.

அண்ணனை மாவுக்கட்டோடு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் பெரியம்மா பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏய்யா, பெரியவுக சண்ட பெரியவுகளோட. உங்கண்ணன் உன்னத்தான் கேட்டுக்கிட்டே கெடக்கான். ஊர்ல கேபிளு இல்ல. அந்தக் கருப்பு நாடகம் என்னாச்சுன்னு வந்து சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

போனேன். அதற்குப் பிறகு வாரா வாரம் கோவில்பட்டியில் சீரியலைப் பார்ப்பதும், சனிக்கிழமை ஊருக்குப் போய் அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதும் என் வேலை ஆயிற்று. மாவுக்கட்டுக் கால் என் கண் முன்னால். அண்ணன் ஆவலாகக் கேட்பார், "கருப்பு இந்த வாரம் யார அடிச்சாரு?" நான் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைக்கும்.

வேதாளத்தின் நிபந்தனை இதுதான். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் வாய் மூடி இருந்தால் உன் தலை சுக்குநூறாக வெடித்துவிடும். வாய் திறந்து சொன்னாலோ வேதாளம் பறந்துபோய் மறுபடி மரத்தில் தொங்கும். எப்படியும் விக்ரமாதித்தனுக்குத் தோல்விதான். ஆனால் அவன் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறான், கவனித்தீர்களா? சுமந்து வந்தது வீணாய்ப் போனாலும் பரவாயில்லை, தலை வெடிக்கக்கூடாது. எனக்கு ராத்திரியில் தலை வெடித்துக்கொண்டிருந்தது. செமஸ்டரில் இரண்டு பேப்பர் போயிற்று.

* * *

விடாது கருப்பு முடிந்தது. முடிவைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள், ஒளிபரப்பாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குதிரையில் வந்தது சாமி இல்லை, ஒரு மனிதன். சின்ன வயதில் பட்ட காயத்தால் மனம் இரண்டாகப் பிளந்துபோனவன். ஒரு பாதி சாது. மற்றப் பாதி தன்னையே கருப்பு என்று நம்பித் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தது.

இதைப் பார்த்ததும் எனக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? சாமி கொல்லவில்லை, அப்படியானால் என் காசுக்கும் அண்ணன் காலுக்கும் சம்பந்தம் இல்லை! ஆனால் எனக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. கருப்பு வெளியே இல்லை என்றால், உச்சி வெயிலில் உட்கார்ந்து காசு அறுத்தவன் யார்?

சனிக்கிழமை ராத்திரி அண்ணனிடம் முடிவைச் சொன்னேன். "அப்ப மனுசன்தானா? நெனச்சேன்" என்றார். அப்புறம் நான் காசு வெட்டியதையும் சொல்லிவிட்டேன். பிளேடு எடுத்தது, அறுத்தது, ராவியது, சொன்ன வார்த்தை, எல்லாம்.

அண்ணன் முதலில் சிரித்தார். "ஏலே, நீயெல்லாம் எலெக்ட்ரிக்கல் படிக்கிற பய. கேபிளு லைன்ல பட்டுச்சு, செவுரு ஈரமா இருந்துச்சு, கையில கிளவுசு கெடையாது, இடுப்புல பெல்ட்டு கெடையாது. ஒன் காசா வந்து தள்ளுச்சு?"

நான் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார், "ஆனா நெனச்சேல்ல."

இவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கட்டுரை இந்தக் கட்டுரை என்று எவ்வளவோ படித்துவிட்டேன், தம்பிகளா, மந்திரம் பலிக்குமா பலிக்காதா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. கம்பியைத் தள்ளியது காற்று. நினைத்தது நான்.

அப்போதுதான் திண்ணையில் இருமல் சத்தம் கேட்டது. பெரியப்பா அங்கே படுத்திருந்திருக்கிறார். எழுந்து உள்ளே வந்தார். அடிக்கப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏய்யா, மூணு வருசத்துக்கு முன்னாடி ஒங்கப்பனுக்கு மஞ்சக்காமால வந்துச்சே..."

"ஆமா பெரியப்பா."

"அதுக்கு முந்துன மாசம் நான் வெட்டிப் போட்டேன். இதே வரப்புக்குத்தான். இதே கருப்புகிட்டத்தான். அவன் கண்ணு மஞ்சளாகிக் கெடந்தப்ப நான் பதினோரு நாளு தூங்கல. கீழாநெல்லி பறிச்சுக் குடுத்து விட்டேன், ஒங்கம்மா வாங்கமாட்டேன்னுட்டா. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

ஒரே சாமி முன்னால் ஒரே வரப்புக்காக இரண்டு காசு. கருப்பு யாருக்கு என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார்?

விடிந்ததும் பெரியப்பாவும் நானும் கண்மாய்க் கரைக்குப் போய்த் தேடினோம். காசை எடுத்துவிட்டால் சொன்ன சொல்லையும் எடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. மழை அடித்துக்கொண்டு போய், கரிசல் வெடிப்புக்குள் விழுந்து, மண் மூடிவிட்டது. என் துண்டும் கிடைக்கவில்லை, அவர் துண்டும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தோம். வருகிற வழியில் பெரியப்பா எங்கள் வீட்டுக்குள் நுழைந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா காபி கொடுத்தாள். யாரும் எதுவும் பேசவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் சினிமா ஆகிவிடும். வரப்புத் தகராறு இன்னும் ஒரு வருஷம் இழுத்தது. அப்புறம் சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். அப்பா சொன்ன இடமும் இல்லை, பெரியப்பா சொன்ன இடமும் இல்லை. கல் சாய்ந்து மண்ணுக்குள் கிடந்தது, வேறோர் இடத்தில்.

* * *

மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நீங்கதான்ப்பா வில்லன்!" என்றாள். பிறகு அவளே இணையத்தில் தேடி, வாம்பயர் சீரியல்களுக்கெல்லாம் பாட்டி ஒன்றைக் காட்டினாள். 'டார்க் ஷேடோஸ்'. அமெரிக்காவில் ஏ.பி.சி. டெலிவிஷனில் 1966 முதல் 1971 வரை மத்தியான நேரத்தில் வந்த நெடுந்தொடர், 1225 எபிசோடு. நம் ஊர் மெகா சீரியலுக்கு அண்ணன்! அதில் பர்னபஸ் காலின்ஸ் என்ற வாம்பயர் 1967-ல் நுழைகிறான். கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று கொண்டுவந்த பாத்திரம். சனத்துக்குப் பிடித்துப்போய்க் கடைசி வரை நின்றுவிட்டான். எழுதியவர்கள் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று.

அவன் எப்படி வாம்பயர் ஆனான் தெரியுமா? கதைப்படி 1795-ல், ஏஞ்சலீக் என்ற மந்திரக்காரி அவன்மேல் ஆசைப்படுகிறாள். அவனுக்கோ வேறொருத்திமேல் பிரியம். முடிவில் அவன் அவளைச் சுட்டுவிட, சாகப்போகிறோம் என்ற ஆத்திரத்தில் அவனுக்குச் சாபம் கொடுக்கிறாள். ஆனால் அவள் சாகவில்லை! பிழைத்து எழுந்ததும் பதறுகிறாள், சாபத்தை முறிக்க ஓடுகிறாள். முடியவில்லை. சவப்பெட்டியிலிருந்து எழுந்த வாம்பயர் நெரித்துக் கொன்றது, சாபம் கொடுத்தவளின் கழுத்தை.

கண்மாய்க் கரையில் காசு தேடிய இரண்டு பேர் எனக்கு ஞாபகம் வந்தார்கள். அமெரிக்காவில் எழுதினாலும் அழகர்கோவில் பக்கம் எழுதினாலும் இந்த இடத்தில் கதை ஒன்றாகத்தான் இருக்கிறது. கோபத்தில் கேட்பவனுக்கு, கேட்டதைத் திரும்ப வாங்கும் சக்தி கிடையாது.

நான் இப்போது கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையில் எல்.சி. என்று ஒன்று உண்டு, லைன் கிளியர். மின்னியல் மாணவர்களுக்குத் தெரியும். ஒருவன் லைனில் வேலை செய்கிறான் என்றால் அவன் எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. எவ்வளவு பெரிய ஆபீசர் சொன்னாலும் கூடாது. ஏனென்றால் சுவிட்ச் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் கம்பியின் மறுமுனையில் யார் கை இருக்கிறது என்று தெரியாது.

பதினெட்டு வயதில் நான் எல்.சி. இல்லாமல் சுவிட்ச் போட்டேன். மறுமுனையில் அண்ணன் கை இருந்தது.

உங்களுக்கும் கோபம் வரும். இன்டர்னல் மார்க்கில் கை வைத்த வாத்தியார்மேல், ஏமாற்றிய சிநேகிதன்மேல், இன்னும் சொல்ல முடியாத பெரிய அநியாயங்கள்மேலும் வரும். கோபமே கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அப்பா முதுகில் ஒட்டிய மண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அந்த ஆளின் முகத்துக்கு நேராகப் போய்க் கேட்கிற தைரியம் வரும்வரை, பிளேடைத் தேடாதீர்கள். (அட்வைஸ் வந்துவிட்டது. தம்பிகள் மன்னிக்கவும்!)

அண்ணன் நன்றாக இருக்கிறார். குளிர் காலத்தில் கால் கொஞ்சம் இழுக்கும். கேபிள் காலம் போய், இப்போது வீடுகளுக்கு ஃபைபர் நெட் கனெக்‌ஷன் கொடுக்கிறார். நாலு பையன்கள் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். ஒரு தூறல் விழுந்தால் போதும், எவனையும் கம்பத்தில் ஏறவிடமாட்டார். போன பொங்கலுக்கு என் மகளைப் பார்த்து, "ஒங்கப்பன் எனக்குக் கருப்பு கதை சொன்ன அழகு இருக்கே, டி.வி.ல வந்ததவிட நல்லாருக்கும்" என்றார்.

முழுக்கதையும் அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கரும்பைக் கடித்துக்கொண்டேன்.



– முன்னாள் மாணவன்,
மின்னியல் துறை (1996-99)